தைலம் தடவலாம், குடிக்கக் கூடாது!

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் தஞ்சைத் தரணியில் வீட்டுக்கு வீடு தும்மல்தான்! சம்பா நடவுக்குப் போய் நனைந்து வந்தவர்கள் முதலில் தேடுவது நீலகிரித் தைலம். யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சி வடிப்பது இது. ஆஸ்திரேலியாவில் பிறந்த அந்த மரம் 1843-ல் நீலகிரிக்கு வந்தது.

தைலம் தடவினால் சளி கரைந்துவிடாது. மூக்கு திறந்ததுபோல் இருக்கும். அந்தச் சுகமே பெரிதல்லவா!

விஷமும் உண்டு

ஆனால், சின்னக் குழந்தை ஒரு தேக்கரண்டி குடித்தாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். கர்ப்பூரமும் அப்படித்தான். தேங்காய் எண்ணெயில் கர்ப்பூரம் போட்டுக் காய்ச்சி, கைக்குழந்தையின் நெஞ்சில் தடவுவது பாட்டிமார் வழக்கம். தோல் வழியாகவே அது உடம்பில் இறங்கும். இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு இரண்டுமே வேண்டாம். மூக்கருகே கொண்டுபோகவும் கூடாது.

இந்த வகைத் தைலங்களால் பெரியவர்களுக்கும் வலிப்பு வந்ததைப் பெங்களூர் டாக்டர்கள் 2021-ல் எழுதியிருக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் தொடாமல் இருப்பதே மேல்.

தைலச் சீசாவை இருமல் மருந்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இருட்டில் மாற்றிக் கொடுத்துவிட்டுக் கதறிய தாய்மார் உண்டு. தப்பித்தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். எண்ணெய் நுரையீரலில் இறங்கிவிடும். சீசாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வண்டி இல்லையா? 108-க்குப் போன் செய்யுங்கள்.