விறகுக் கொட்டகையில் ஓர் இருட்டறை

பெண் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்கும் தகப்பனார்கள் உண்டு. 'கூடவே கூடாது' என்று தடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் விறகும் கரியும் வியாபாரம் செய்துவந்த ஐஸக் பர்ன்ஸ் கன்னிங்ஹாம் இரண்டிலும் சேராதவர். முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுக்கிற ரகம்!

அவருக்குப் பத்துக் குழந்தைகள். 1883-ல் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்த பெண்ணுக்கு ஷேக்ஸ்பியர் நாடகமொன்றின் கதாநாயகி பெயரைச் சூட்டினார்: இமோஜன். மனிதர் சுத்த சைவம். (அந்த ஊரில், அந்தக் காலத்தில்!) கையில் காசு புரளாவிட்டாலும், பெண் ஓவியம் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார்.

பெண்ணோ காமிராவைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு படித்துவிட்டு, கையெல்லாம் கறை படியும் போட்டோத் தொழிலுக்கா போக வேண்டும் என்று அங்கலாய்த்தார் அப்பா. அங்கலாய்த்தவர் சும்மா இருந்தாரா? விறகுக் கொட்டகையிலேயே ஓர் இருட்டறை அமைத்துக் கொடுத்தார். சிவப்புப் பெட்டிக்குள் ஒரு மெழுகுவத்தி, அதுதான் விளக்கு. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளைச் சிவப்பு வெளிச்சம் கெடுக்காது.

கல்லூரியில் இமோஜன் எடுத்துக்கொண்ட பாடம் ரஸாயனம். தாவர இயல் பகுதிக்கு ஸ்லைடுகள் தயாரித்துக் கொடுத்துப் படிப்புச் செலவைச் சமாளித்து, 1907-ல் பட்டம் பெற்றார். பிறகு ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் மேற்படிப்பு. 1910-ல் ஸியாட்டிலில் சொந்த ஸ்டூடியோ. பெண்களுக்குப் போட்டோத் தொழில் ஏற்றது என்று 1913-ல் ஒரு கட்டுரையே எழுதினார்!

1915-ல் கல்யாணம். மூன்று பிள்ளைகள், அதில் இருவர் இரட்டையர். ஸ்டூடியோவை மூடும்படி ஆயிற்று. ஆனால் காமிராவை மூடவில்லை. குழந்தைகளை விட்டு நகர முடியாதபோது, தோட்டத்துச் செடிகளைப் படம் பிடித்தார். 1925-ல் எடுத்த மக்னோலியாப் பூவின் படம் உலகப் புகழ் பெற்றது.

ஆனாலும் அவருக்கு உயிர் மனித முகங்கள்தான். ஹாலிவுட் நட்சத்திரங்களைப் படமெடுக்க ஒரு பத்திரிகை அழைத்தபோது, அழகில்லாத ஆண்களை அனுப்பும்படி கேட்டாராம். அவர்கள்தான் படத்தைப் பார்த்துக் குறை சொல்ல மாட்டார்களாம்! முகஸ்துதி அறியாத தகப்பனாரிடம் வளர்ந்தவர், காமிராவிலும் முகஸ்துதி செய்யவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1934-ல் விவாகரத்து. தனியாக நின்று தொழிலை நடத்தினார். 1936-ல் தம் காமிராவை அப்பாவுக்கு நேரே திருப்பினார். 'தொண்ணூறு வயதில் என் தந்தை' என்பது படத்தின் பெயர். அந்த இருட்டறையைக் கட்டியவரின் முகத்தில் ஒரு சுருக்கத்தைக்கூட மகள் மறைக்கவில்லை.

தமக்கும் தொண்ணூறு தாண்டியபின், இமோஜன் அம்மாள் தொண்ணூறைக் கடந்தவர்களைத் தேடித் தேடிப் படமெடுக்கத் தொடங்கினார். 1976-ல், 93-வது வயதில் காலமாகும் வரை அந்த வேலை நடந்தது. புத்தகம் மறு வருஷம் வெளிவந்தது.