ரேடியேஷன் குடுத்தா சரியாயிடுமா?

"ரேடியேஷன் குடுத்தா சரியாயிடும்ல? நீதான் இன்ஜினியரிங் படிக்கிற, உனக்குத் தெரியும்லடா?"

போன வருஷம் மந்தைவெளி வீட்டு ஹாலில் ஈஸி சேரில் சாய்ந்தபடி பெரியப்பா என்னிடம் கேட்டது இது. நான் படிக்கிறது மெக்கானிக்கல். ஆனால் எங்க வீட்டில் "இன்ஜினியரிங்" என்றால் எல்லாமே தெரியும் என்று அர்த்தம். அன்னைக்கு "சரியாயிடும் பெரியப்பா" என்று சொல்லிட்டேன். அது சரியான பதில் இல்லை என்று அப்புறம்தான் புரிஞ்சுது. படித்து, டாக்டர்களிடம் கேட்டு நான் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

முதலில் அவருக்கு வந்தது மூச்சு வாங்கல். எக்ஸ்ரேயில் வலது பக்கம் நுரையீரலைச் சுற்றி தண்ணி. முதலில் பார்த்த இடத்தில் டிபியாக இருக்கும் என்று மூணு மாசம் மாத்திரை குடுத்தாங்க. தண்ணி எடுக்க எடுக்க திரும்பச் சேர்ந்தது. வேறொரு டாக்டர்தான் பயாப்ஸி எடுக்கச் சொன்னார், கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: "சின்ன வயசுல என்ன வேலை பார்த்தீங்க?"

பெரியப்பா 1978-ல் இருந்து பத்து வருஷத்துக்கு மேல் ஒரு ஃபேக்டரியில் ஸ்டீம் பைப்புக்கு லேகிங் போடுற வேலை பார்த்தவர். ஆஸ்பெஸ்டாஸ் கயிறைச் சுத்தணும், மேல பூசணும், பழசை உடைச்சு எடுக்கணும். "வெள்ளையா தூசி பறக்கும். துண்டால உதறிட்டு அப்படியே சாப்பிட உட்காருவோம்" என்றார். ரிசல்ட் வந்தது: மீசோதீலியோமா.

இது என்ன வியாதி?

நுரையீரலைச் சுற்றி மெல்லிய இரட்டை உறை ஒன்று இருக்கு. பெயர் ப்ளூரா. மூச்சு விடும்போது நுரையீரல் உராயாமல் வழுக்கி நகர இதுதான் உதவுது. நம்ம பாஷையில் சொன்னால் லூப்ரிகேஷன் லேயர். அந்த உறையில் வரும் புற்றுநோய்தான் ப்ளூரல் மீசோதீலியோமா. வயிற்று உறையிலும் வரும், ஆனால் குறைவு.

முக்கியமான காரணம் ஆஸ்பெஸ்டாஸ். 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற டாக்டரும் அவர் கூட வேலை செய்தவர்களும், பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியோடு தொடர்புள்ள 33 நோயாளிகளைப் பற்றி எழுதினாங்க. அதுக்கு அப்புறம்தான் உலகம் இந்தத் தொடர்பை நம்ப ஆரம்பிச்சது. கண்ணுக்குத் தெரியாத நார், மூச்சோட உள்ளே போய் உறை வரைக்கும் நகர்ந்து அங்கேயே தங்கிடும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. பல வருஷம் அரிப்பும் அழற்சியும் நடந்து, 20-ல் இருந்து 50 வருஷம் கழிச்சு நோய் வரும். 1978-ல் போட்ட தூசிக்கு இப்ப பில் வருது.

ரேடியேஷன் எப்படி வேலை செய்யுது?

சர்தார் பட்டேல் ரோட்டில் பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் தெரியும். தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல வருஷம் போராடி 1954-ல் ஆரம்பிச்ச இடம் அது. 12 படுக்கையோடு ஆரம்பம். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தாங்க. 1950-களிலேயே கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவியைக் கொண்டு வந்துட்டாங்க. அதனால் நம்ம ஊரில் "கேன்சர்னா அடையாறு, அடையாறுனா கரண்ட் வைக்கிறது" என்று பெரியவங்க மனசில் பதிஞ்சிருக்கு. ரேடியேஷனுக்கு அந்தக் காலத்துப் பேச்சு வழக்கு "கரண்ட் வைக்கிறது". பெரியப்பாவோட நம்பிக்கையும் அங்கிருந்து வந்ததுதான். அது தப்பும் இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், தொண்டைப் புற்றுநோய் என்று பலருக்கு ரேடியேஷன் உண்மையிலேயே குணம் தந்திருக்கு.

கதிர்வீச்சு அளவை கிரே என்ற அலகில் சொல்வாங்க. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் ஒரு கிரே. பல கட்டிகளை அழிக்க 60 கிரே மாதிரி வேணும். அந்த 60 ஜூலைத் தண்ணியில் போட்டால் வெப்பநிலை 0.014 டிகிரிதான் ஏறும். அதாவது ரேடியேஷன் சுட்டுப் பொசுக்குறது இல்லை, செல்லுக்குள்ள இருக்கிற டிஎன்ஏவை உடைக்குது. நல்ல செல் ஓரளவு ரிப்பேர் பண்ணிக்கும், புற்றுநோய்ச் செல்லுக்கு அந்தத் திறமை கம்மி. அதனால்தான் ஒரே நாளில் குடுக்காமல், தினம் 2 கிரே, வாரம் 5 நாள் என்று பிரிச்சுக் குடுக்கிறாங்க.

அப்போ இங்க என்ன பிரச்சினை? ஜியாமெட்ரிதான்

சாதாரணக் கட்டி ஒரு உருண்டை மாதிரி. 3 சென்டிமீட்டர் விட்டம் என்றால் கனஅளவு சுமார் 14 கன சென்டிமீட்டர். பல திசையில் இருந்து கதிரை அனுப்பி, எல்லாம் அந்த உருண்டையில் சந்திக்கிற மாதிரி செய்தால் போதும்.

மீசோதீலியோமா உருண்டை இல்லை, ஆரஞ்சுப் பழத்தோல். உள்ளே இருக்கிற பழம்தான் நுரையீரல். ஒரு பக்க நுரையீரலை 9 சென்டிமீட்டர் ஆரமுள்ள கோளம் என்று வச்சுப்போம், சுமார் 3 லிட்டர் வரும். அதன் மேல் அரை சென்டிமீட்டர் தடிமனில் நோய் பரவியிருந்தால், 4πr² போட்டு தடிமனால் பெருக்கிப் பாருங்க: 500 கன சென்டிமீட்டருக்கு மேல். அந்த உருண்டைக் கட்டியை விட 36 மடங்கு.

அளவு மட்டும் பிரச்சினை இல்லை. தோலுக்கு 50, 60 கிரே குடுக்கணும், ஆனால் பழத்துக்குப் படக்கூடாது. நுரையீரல் முழுக்க 20 கிரே அளவுக்குப் போனாலே ஆபத்து. கிட்டயே இதயம், கல்லீரல், உணவுக்குழாய், முதுகுத்தண்டு. கதிர் ஒரு பக்கத் தோலில் நுழைஞ்சால் பழத்தைத் தாண்டித்தான் மறுபக்கம் வெளியே வரணும்.

"அப்போ பழத்தையே எடுத்துட்டு தோல் இருந்த இடத்துக்குக் கதிர் குடுத்தா?" என்று தோணும். அதையும் செய்து பார்த்திருக்காங்க. ஒரு பக்க நுரையீரலை உறையோடு எடுத்துட்டு, ஐஎம்ஆர்டி என்ற, கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாத்தும் முறையில் கதிர் குடுத்தாங்க. 2006-ல் பாஸ்டனில் இருந்து வந்த ஒரு அறிக்கை: 13 பேரில் 6 பேர் நுரையீரல் அழற்சியில் இறந்தாங்க. மீதி இருந்த ஒரே நுரையீரலுக்குச் சிதறிப் போன குறைந்த அளவு கதிரே அதுக்குப் போதுமானதாக இருந்தது. அதுக்கு அப்புறம் அந்த மிச்ச நுரையீரலுக்கான வரம்பை ரொம்பவே இறுக்கினாங்க.

நம்ம தரமணியில் 2019-ல் ஆரம்பிச்ச அப்போலோ புரோட்டான் மையம் பற்றியும் பெரியப்பா கேட்டார். எக்ஸ்ரே உடம்பைத் துளைச்சு வெளியே போயிடும். புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் பெரும்பாலான ஆற்றலைக் கொட்டிட்டு நின்னுடும். பிராக் பீக் என்று ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸில் சிலர் கேட்டிருப்பீங்க. பின்னாடி இருக்கிற உறுப்பைக் காப்பாத்த இது உதவும் என்பதால் மீசோதீலியோமாவிலும் முயற்சி நடக்குது. ஆனால் மூச்சு விட விட நெஞ்சு நகரும், தண்ணி சேர்ந்தால் ஆழமே மாறும். எல்லாருக்கும் குடுக்கிற வழக்கமான சிகிச்சையாக இது இன்னும் ஆகலை.

அப்போ ரேடியேஷன் வேஸ்ட்டா? இல்லை

குணப்படுத்துறது வேற, வலியைக் குறைக்கிறது வேற. உறை நோய் விலா எலும்புக்கும் நரம்புக்கும் பரவும்போது வலி தாங்க முடியாது. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் 5 நாளில் 20 கிரே குடுக்கிறது உண்டு. பிரிட்டனில் செய்த ஒரு ஆய்வில், 5 வாரம் கழிச்சு வலியை மதிப்பிட முடிஞ்சவங்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வலி குறைஞ்சிருந்தது. இங்க குறி சின்ன இடம், அதனால் ஜியாமெட்ரி நம்ம பக்கம்.

ஊசி, குழாய் போட்ட துளை வழியா நோய் பரவாமல் இருக்க முன்கூட்டியே கதிர் குடுக்கும் வழக்கம் முன்னாடி இருந்தது. 2016-ல் வந்த பிரிட்டன் ஆய்வு அதனால் பெரிய பலன் இல்லை என்று காட்டியது. தேவையில்லாத இடத்தில் குடுக்காமல் இருக்கிறதும் ஒரு முன்னேற்றம்தான்.

மத்த வழிகள்

தண்ணியை நிறுத்துறது: மூச்சு வாங்கலுக்கு உடனடி நிவாரணம் இதுதான். தண்ணியை எடுத்துட்டு, சுத்தப்படுத்திய டால்க் பவுடரை உள்ளே தூவினால் இரண்டு உறையும் ஒட்டிக்கும், திரும்பத் தண்ணி சேர இடம் இருக்காது. ஒட்டாதவங்களுக்கு மெல்லிய குழாயை உள்ளேயே வச்சு, வீட்டிலேயே வடிக்கலாம்.

ஆபரேஷன்: உறையையும் தெரிகிற கட்டிகளையும் உரிச்சு எடுக்கிற பெரிய அறுவை. செய்தால் நல்லதுதானே என்று நினைப்போம். 335 பேரை வச்சு பிரிட்டனில் நடத்திய மார்ஸ்-2 ஆய்வு 2024-ல் வெளியானது. கீமோவோட ஆபரேஷனும் செய்தவங்களின் இடைநிலை ஆயுள் 19.3 மாசம், கீமோ மட்டும் எடுத்தவங்களுக்கு 24.8 மாசம். சிக்கல்களும் ஆபரேஷன் பக்கம்தான் அதிகம். அனுபவமுள்ள மையங்களில், தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் இதை யோசிக்கிறாங்க.

கீமோ: பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு மருந்து, 21 நாளுக்கு ஒரு தடவை. கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி12 ஊசியும் கட்டாயம். 2003-ல் வந்த ஆய்வில் சிஸ்பிளாட்டின் மட்டும் என்றால் 9.3 மாசம், இரண்டும் சேர்ந்தால் 12.1 மாசம்.

இம்யூனோதெரபி: நம்ம எதிர்ப்புச் செல்கள் மேல் இருக்கிற பிரேக்கை எடுக்கிற மருந்துகள். நிவோலுமாப், இபிலிமுமாப் ஜோடிக்கு அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைச்சது. கீமோவுக்கு 14.1 மாசம், இதுக்கு 18.1. மூணு வருஷம் கழிச்சு உயிரோடு இருந்தவங்க 15 சதவீதத்துக்குப் பதிலா 23 சதவீதம். பிரச்சினை விலை: லட்சக்கணக்கில் போகும்.

இந்த எண்ணெல்லாம் இடைநிலை, அதாவது மீடியன். 12 மாசம் என்றால் "12 மாசத்தில் முடிஞ்சிடும்" என்று அர்த்தம் இல்லை. பாதிப் பேர் அதுக்கு மேல் இருந்தாங்க என்று அர்த்தம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் இரண்டு மார்க்குக்கு எழுதின டெஃபினிஷன், பெரியம்மாவுக்கு விளக்கும்போதுதான் எனக்கே புரிஞ்சுது.

பெரியப்பாவுக்கு என்ன செய்தோம்

டால்க் போட்டு தண்ணியை நிறுத்தினாங்க. கீமோ ஆரம்பிச்சாங்க. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார், நாங்களும் ஒத்துக்கிட்டோம். வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் வலி விடவே இல்லை, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார். அங்க 5 நாள் ரேடியேஷன் குடுத்தாங்க. நானும் கூடப் போனேன். உள்ளே பத்து நிமிஷம்தான். வெளியே வந்து "அவ்ளோதானா?" என்றார்.

சில வாரத்தில் படுத்துத் தூங்க ஆரம்பிச்சார். அப்பதான் அந்தப் பழைய கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னேன்: "பெரியப்பா, ரேடியேஷன் இதை எடுத்துடாது. ஆனா வலியை எடுக்கும்."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "தூங்க முடியுதுல்ல, அதுவே பெருசு. அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்லடா" என்றார்.

இதை எழுதும்போது நோய் தெரிஞ்சு ஒன்பதாவது மாசம். அவர் ஹாலில் கிரிக்கெட் பார்த்துட்டு இருக்கார்.

நம்ம பக்கம் செய்ய வேண்டியது

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தாச்சு. இந்தியாவில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை இறக்குமதி செய்து ஷீட் ஆக்குறது இன்னும் சட்டப்படி நடக்குது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மயிலாப்பூர் மொட்டை மாடி ஷெட்டில் இருந்து சைட் ஆபீஸ் கூரை வரைக்கும் அந்த ஷீட்தான்.

கூரை சும்மா இருந்தால் பதறத் தேவையில்லை. வெட்டும்போதும், டிரில் போடும்போதும், உடைக்கும்போதும்தான் நார் பறக்கும். நாளைக்கு சைட்டில் சூப்பர்வைசரா நிற்கப் போறது நம்மதான். காய்ஞ்ச ஷீட்டை கட்டர் வச்சு அறுக்க விடாதீங்க. முதலில் நனைக்கணும், உடைக்காமல் முழுசா இறக்கணும், தூசியைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. சரியான மாஸ்க் இல்லாமல் யாரையும் ஏத்தாதீங்க. முகத்தில் கட்டின துண்டு மாஸ்க் இல்லை.

வீட்டில் யாராவது லேகிங், ஷீட் கம்பெனி, கப்பல் உடைப்பு, பிரேக் லைனிங் வேலை பார்த்திருந்தால், மூச்சுப் பிரச்சினைக்கு டாக்டரிடம் போகும்போது அதை முதல் வரியாகச் சொல்லுங்க. எங்களுக்கு மூணு மாசம் போனது அது தெரியாததால்தான். இன்னொரு விஷயம்: ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா, சட்டப்படி இழப்பீட்டுக்குரிய தொழில்சார் நோயாக இருக்கு. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவை, வேலையில் சேர்ந்ததில் இருந்து 40 வருஷம், அல்லது ஓய்வுக்கு அப்புறம் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வச்சிருக்கணும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டிருக்கு. பழைய சம்பளச் சீட்டு, ஈஎஸ்ஐ கார்டு எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுடாதீங்க. பெரியப்பாவோடதை நாங்க பரணில் இருந்து இறக்கித் தேடிட்டு இருக்கோம்.