நெறி கட்டினால் காய்ச்சலின் பெயரைக் கேளுங்கள்

தொண்டை வலி, விடாத காய்ச்சல், கழுத்தின் இருபுறமும் நெறி. ஐந்தாம் படிவப் பிள்ளைக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெற்றோர் கிளினிக்கில் சொல்வது ஒன்றுதான்: "நல்ல மருந்தா கொடுங்க டாக்டர், எஸ்.பி.எம். வருது." நல்ல மருந்து என்று அவர்கள் நினைப்பது பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக். வந்திருப்பது எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் மோனோநியூக்ளியோசிஸ் (சுருக்கமாக மோனோ) காய்ச்சலாக இருந்தால், அந்த மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. அமோக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிடவும் கூடும். அதைப் பென்சிலின் ஒவ்வாமை என்று காலமெல்லாம் நம்பிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

காய்ச்சலின் சரியான பெயர் தெரியாமல் வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும் என்பதைக் கிந்தா மாவட்டம் கண்ணெதிரே கண்டது. 1998-இல் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் நிப்பா என்ற புதியதொரு வைரஸைக் கண்டறிந்த பிறகே, நோய் பன்றிகளிடமிருந்து நேராக வந்தது என்று புரிந்தது. அதற்குள் பல உயிர்கள் போய்விட்டன. நிப்பாவைப் போல மோனோ உயிர் குடிக்கும் நோய் அல்ல. பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆனால் நிப்பா கற்பித்த பாடம் இதற்கும் பொருந்தும்.

வைரஸ் பிடிபட்ட கதை

நெறி கட்டும் இந்தக் காய்ச்சலை 1889-இலேயே ஜெர்மானிய மருத்துவர் எமில் ஃபைஃபர் எழுதி வைத்தார். காரணம் தெரிய முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1964-இல் லண்டனில் ஆன்டனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சோங் மூவரும் ஆப்பிரிக்கக் குழந்தை ஒன்றின் புற்றுக்கட்டி அணுக்களில் புதியதொரு வைரஸைக் கண்டார்கள். பிறகு ஃபிலடெல்ஃபியாவில் அந்த வைரஸை ஆராய்ந்த ஹென்லே தம்பதியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு மோனோ வந்தது. அந்த வைரஸுக்கு எதிராக அதுவரை அவர் இரத்தத்தில் இல்லாத எதிர்ப்புப் புரதம், காய்ச்சலுக்குப் பின் தென்பட்டது. 1968-இல் வைரஸுக்கும் மோனோவுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது.

இன்று உலகில் பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். சிறு வயதில் வந்தால் சாதாரணச் சளிக்காய்ச்சல்போல் வந்து போகும். பல குழந்தைகளுக்கு அதுகூடத் தெரியாது. பதின்ம வயதில் முதன்முதலாக வந்தால்தான் ஆளைப் படுக்கையில் தள்ளும்.

நம் தோட்டத்து வாழ்க்கையோடு இதைப் பொருத்திப் பார்க்கலாம். சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் லயத்து வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்தன. பால்மரம் வெட்டப் போன தாய்மார் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனார்கள். ஒரே குவளையில் பல வாய்கள். எச்சிலில் பரவும் வைரஸ் அங்கே மழலைப் பருவத்திலேயே தொற்றியிருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் குடும்பங்கள் புந்தோங்குக்கும் மற்றக் குடியிருப்புகளுக்கும் வந்துவிட்டன. வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். முதல் தொற்று தள்ளிப்போக இது போதும். வசதி கூடிய சமூகங்கள் பலவற்றில் நடந்தது இதுதான்.

முத்தத்தால் பரவும் நோய் என்று கேள்விப்பட்டுப் பிள்ளைகளைச் சந்தேகிக்காதீர்கள். நண்பனின் மைலோவை ஒரு வாய் குடித்தாலும் போதும். தொற்றி 4 முதல் 6 வாரம் கழித்தே காய்ச்சல் தொடங்கும் என்பதால், யாரிடமிருந்து வந்தது என்று தேடுவதும் வீண்.

வீட்டில் செய்ய வேண்டியது

நம் ஊரில் காய்ச்சல் என்றாலே முதலில் டெங்கி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதன்பின் மோனோவுக்கான இரத்தப் பரிசோதனை. முதல் வாரத்தில் அது தவறாக 'இல்லை' என்று காட்டலாம்; அறிகுறி நீடித்தால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வைரஸை விரட்டத் தனி மருந்து கிடையாது. ஓய்வு, தண்ணீர், அளவோடு பாராசிட்டமால். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. மண்ணீரல் வீங்கியிருக்கக்கூடும் என்பதால் குறைந்தது 3, 4 வாரம் பந்து விளையாட்டும் சிலம்பமும் வேண்டாம். அடிபட்டால் மண்ணீரல் கிழியும் ஆபத்து உண்டு. இடது விலாவுக்குக் கீழே திடீர் வலி, மூச்சுத் திணறல், எச்சில்கூட விழுங்க முடியாமை, கண் மஞ்சளாதல் என எது கண்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காய்ச்சல் போன பிறகும் சில வாரம் அசதி இருக்கும். அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள்.

எல்லா நெறியும் மோனோ அல்ல. இரண்டு மூன்று வாரத்துக்குமேல் கரையாத நெறி, கல்போல் கெட்டியாகி நகராத நெறி, காறை எலும்புக்கு மேல் வரும் நெறி ஆகியவற்றைத் தள்ளிப்போடவே கூடாது. இருமலும் இரவு வியர்வையும் எடைக்குறைவும் சேர்ந்தால் காசநோயா என்று பார்க்க வேண்டும். மலேசியாவில் ஆண்டுக்கு 20,000 பேருக்கு மேல் அது கண்டறியப்படுகிறது. மூக்கில் இரத்தம், ஒரு காது மட்டும் அடைப்பு, கழுத்தில் வலியில்லாக் கட்டி என்றால் மூக்குத்தொண்டைப் புற்றைச் சோதிக்க வேண்டும். இதே எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புள்ள அந்தப் புற்று மலேசியச் சீனரிடையே அதிகம், இந்தியரிடையே குறைவு. குறைவு என்பதாலேயே நம்மவர் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது நல்ல மருந்து கேட்பதற்கு முன், "இது என்ன காய்ச்சல், டாக்டர்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மருத்துவருக்கு மரியாதைக் குறைவு ஆகாது. அது நோயாளியின் உரிமை.