வீட்டு வாசலில் நின்ற முதல் கார்: விற்ற பிறகும் ஆளை விடாது!

காயல்பட்டினம்:

கல்யாணத் தேதி மறந்து போகும். கடன் வாங்கிய தேதி கூட மறந்து போகும். முதல் கார் வீட்டு வாசலில் வந்து நின்ற நாள் மட்டும் யாருக்கும் மறக்காது.

காயல்பட்டினத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் போதும். டீக்கடை பெஞ்சில் இருக்கும் பெரியவர்களின் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். "அது ஒரு காலம் தம்பி" என்று ஆரம்பித்தால் டீ ஆறிப் போகும், கதை ஆறாது.

குதிரை இறங்கிய கரை

வண்டி வாகன மோகம் இந்தக் கரைக்கு இன்று நேற்று வந்தது அல்ல. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோபோலோ, காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஓர்மஸ், ஏடன் பகுதிகளில் இருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் இங்கே வந்து இறங்கினவாம். பாண்டிய மன்னர்கள் பணத்தைக் கொட்டி அவற்றை வாங்கினார்களாம்.

வாங்கி என்ன செய்ய? பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. குதிரைகள் செத்து விழுந்தன. மறுபடியும் கப்பல், மறுபடியும் பணம்!

வாங்குவது பெரிதல்ல, வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிது. குதிரைக்குச் சொன்ன இந்தப் பாடம் பிறகு காருக்கும் பொருந்தியது.

தெருமுனையில் நிற்கும் கார்

கொழும்பு, கல்கத்தா, ஹாங்காங் என்று சபர் போய்ச் சம்பாதித்தவர்கள் நிறைந்த ஊர் இது. அப்படிச் சம்பாதித்த காசில் வீட்டுக்கு ஒரு கார் வருகிறது என்றால் அது தெருவுக்கே திருவிழா!

பெண்கள் போய்வரவென்றே வீடுகளுக்கு இடையில் விட்ட 'முடுக்கு' என்னும் சந்துகள் இந்த ஊரின் அடையாளம். அதற்குள் கார் எப்படி நுழையும்? தெருமுனையிலே நிற்கும். பொடியன்கள் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். "ஏல, கையை எடு! அழுக்காகும்!" என்று ஒரு சத்தம். "வாப்பா, ஒரு ரவுண்டு" என்று ஒரு கெஞ்சல். "காக்கா, உம்மாவும் லாத்தாவும் முதல்ல ஏறட்டும்" என்று ஒரு நியாயம். பெண்கள் ஏறும் காரின் கண்ணாடிக்குத் திரைத்துணி போட்ட காலம் அது.

கார்களும் இன்றுபோல் நூறு விதம் இல்லை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் செய்த அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் செய்த பியட், சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

வந்த பிறகும் நிம்மதி உண்டா? காலையில் சோக் இழுக்க வேண்டும். பேட்டரி படுத்துவிட்டால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். ரேடியேட்டருக்குத் தண்ணீர், பிளாட்டினம் பாயிண்டுக்கு உப்புத்தாள். போதாக்குறைக்குக் கடற்காற்று! காற்றில் இருக்கும் உப்பு தகரத்தைத் தின்றுவிடும். மட்கார்டின் அடியிலும் கதவின் கீழ் விளிம்பிலும் துரு பூக்கும். துடைத்துத் துடைத்துத் தோள் வலித்தாலும் சொந்தக் கார் அல்லவா? வலி தெரியாது.

பிரதமர் வாங்கிய கடன்

முதல் காருக்குக் கடன் வாங்குவது சாதாரண ஜனங்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நாட்டின் பிரதமரே வாங்கினார்!

1964-ல் பிரதமரான லால்பகதூர் சாஸ்திரியிடம் சொந்தக் கார் கிடையாது. "பிரதமர் வீட்டில் ஒரு கார் இருக்க வேண்டாமா?" என்று வீட்டார் கேட்டார்கள். விசாரித்ததில் பியட் காரின் விலை 12 ஆயிரம் ரூபாய் என்று தெரிந்தது. வங்கிக் கணக்கில் இருந்ததோ 7 ஆயிரம்தான். மிச்சம் 5 ஆயிரத்துக்குப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன் கேட்டு வாங்கினார். இதை அவருடைய மகன் அனில் சாஸ்திரியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

வீட்டார் காரில் ஏறி மகிழ்ந்த காலம் கொஞ்சம்தான். 1966 ஜனவரி 11-ந் தேதி தாஷ்கண்ட் நகரில் சாஸ்திரி காலமானார். கடன் பாக்கி நின்றது. அவர் மனைவி லலிதா அம்மையார் தமக்குக் கிடைத்த பென்ஷன் பணத்தில் அந்தக் கடனை அடைத்தார். அந்தக் கார் இன்றும் டெல்லியில் சாஸ்திரி நினைவு இல்லத்தில் நிற்கிறது.

சாவி கொடுத்த இந்திரா

இன்னொரு காரின் கதையும் உண்டு. 1983-ல் மாருதி கார் வரப்போகிறது என்றதும் 10 ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டிப் பெயர் பதிந்தவர்கள் லட்சத்துக்கும் மேல்! அந்த ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி தம் கையால் கொடுத்தார். பெற்றுக்கொண்டவர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியரான ஹர்பால் சிங்.

எத்தனை புதுக் கார் வந்தாலும் அவர் அதை விற்கவில்லை. 2010-ல் அவர் மறையும் வரை அந்தக் கார் அவரிடமே இருந்தது. பிறகு துருப்பிடித்து வாசலில் நின்ற அதைக் கம்பெனியே சீர்செய்து, தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தது.

மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் 2014-ல் ஒரே ஆண்டில் நின்று போனது குறிப்பிடத்தக்கது.

விற்றவருக்கு வந்த வினை

ஹர்பால் சிங் மாதிரி எல்லோராலும் வைத்துக்கொள்ள முடியாது. மகள் கல்யாணம் வரும். கடையில் நஷ்டம் வரும். மெக்கானிக் "இதுக்கு மேல தாங்காது அண்ணாச்சி" என்று கைவிரிப்பார். மனசில்லா மனசோடு விற்றுத்தான் ஆகவேண்டும்.

விற்கும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "தெரிஞ்ச ஆளுதானே, பெயரை மெதுவா மாத்திக்கட்டும்" என்று சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஒரு வழக்கைக் கேளுங்கள். ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. கார் மட்டும் கைக்குக் கை மாறிக்கொண்டே போனது. 2009-ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? "நான் எப்போதோ விற்றுவிட்டேன்" என்றார் முதல் ஆள். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர். அவர்தான் பொறுப்பு!

பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதே இதில் உள்ள நியாயம்.

என்ன செய்ய வேண்டும்?

காரை விற்பவர் ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அதற்குப் படிவம் 29. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். அதற்குப் படிவம் 30. இன்சூரன்சையும் புதியவர் பெயருக்கு மாற்றியாக வேண்டும். கார் கை மாறிய தேதியையும் மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வது நல்லது.

விற்க மனமில்லையா? அதற்கும் வழி இருக்கிறது. 50 வயது தாண்டிய, அசல் உருவம் கெடாத காரைப் பழம்பெருமை வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். கண்காட்சிக்கும் கார் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். அன்றாடம் கடைத்தெருவுக்கு எடுத்துப் போக முடியாது.

முதல் காரின் நினைவை யாரும் வாங்க முடியாது, விற்கவும் முடியாது. அது மனசிலேயே இருக்கட்டும். ஆனால் ஊரான் ஓட்டும் காரின் ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. பழைய காரை விற்றவர்கள் இன்றே பெட்டியைத் திறந்து காகிதத்தைப் பார்த்துவிடுவது நல்லது!