வழி தவறிய கிரணங்கள்

மார்கழி விடியற்காலையில், அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூரை நோக்கி வரும் லாரிகள் பொம்மசந்திராவை நெருங்கும்போது, அவற்றின் முகப்பு விளக்குகள் சாலை முழுவதும் பரவிய ஒரு வெளுப்பாகத்தான் முதலில் தெரிகின்றன. மெட்ரோ ரயில் வந்து முடியும் நிலையத்துக்கு அருகே, தேநீர்க் கடை வாசலில் நின்று அந்தக் காட்சியைப் பல நாள் பார்த்திருக்கிறேன். பனி வெளிச்சத்தை விழுங்கிவிட்டது என்பார்கள் பக்கத்தில் நிற்பவர்கள். பனித்துளியோ வெறும் நீர். கண்ணுக்குப் புலனாகும் ஒளியை அது உட்கொள்வது இல்லையென்றே சொல்லலாம். விளக்கிலிருந்து புறப்பட்ட கிரணம் துளிக்குத் துளி மோதி, திசை மாறி, எங்கிருந்து வந்தது என்ற அடையாளமே அற்றுப்போய் நம் கண்ணை அடைகிறது. வெளிச்சம் இருக்கிறது, விலாசந்தான் தொலைந்துவிட்டது.

கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி, நாலைந்து சொட்டுப் பால் விட்டுக் கலக்கி, பின்புறம் கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய நீலம் படரும். நேரே நோக்கினால் விளக்கு அஸ்தமன சூரியனைப் போலச் சிவந்து தோன்றும். மேலும் பால் விட்டுக்கொண்டே போனால் விளக்கின் வட்டம் மங்கி, ஏதோ ஒரு சொட்டில் மறைந்தேபோகும். ஆனால் தம்ளர் இருண்டுவிடாமல், முழுதும் வெண்மையாய் ஒளிரும்.

சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயிண்டிலுள்ள டைட்டானியம் டையாக்சைடு துகள்களை நெருக்கி அடைத்தால், ஒளி ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் செல்வதற்குள் தன் திசையை மறந்துவிடுகிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவனைப்போல் அது அலைவதால், பத்து மடங்கு தூரம் கடக்க நூறு மடங்கு காலம் பிடிக்கிறது. பூச்சின் கனம் இருமடங்கானால் ஊடுருவும் ஒளி பாதியாகிறது.

ஆனால் ஒளி ஓர் அலையாதலால், இந்தக் கணக்கு அத்துடன் முடிவதில்லை. ஒரே வளைவுப் பாதையை ஒரு பங்கு வலமாகவும் மற்றொரு பங்கு இடமாகவும் சுற்றி, புறப்பட்ட திசையிலேயே திரும்பும்போது, இரண்டும் சம தூரம் நடந்தவையாதலால் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. வந்த வழியே திரும்பும் ஒளி ஏறக்குறைய இருமடங்காவதை 1985-ல் நெதர்லாந்திலும் பிரான்ஸிலும் அளந்து காட்டினார்கள். மோதல்களுக்கிடையிலுள்ள தூரம் அலைநீளத்தின் ஆறில் ஒரு பங்களவுக்குச் சுருங்கிவிட்டால், திரும்பும் நாட்டமே மேலோங்கி, ஒளி இருந்த இடத்தைவிட்டு நகராமல் சிறைப்பட வேண்டும். எலெக்ட்ரான்களைப் பற்றி 1958-ல் ஃபிலிப் ஆண்டர்சன் கண்ட தத்துவம் இது; அதை ஒளிக்கும் விரித்துரைத்தவர்களில் முதன்மையானவர் கேரளத்தில் பிறந்த சஜீவ் ஜான்.

சிறைபிடித்தோம் என்று 1997-ல் காலியம் ஆர்சனைடு பொடியை வைத்து எழுந்த அறிவிப்பு, பொடியே ஒளியைச் சிறிது உட்கொண்டிருக்கலாம் என்ற ஆட்சேபத்துக்கு இலக்காயிற்று. டைட்டானியம் டையாக்சைடு பொடியில் அதேபோன்ற முடிவைப் பெற்றவர்களோ, பிற்பாடு தாமே, துகள்களின் ஒளிர்வு தம்மை ஏமாற்றிவிட்டது என்று 2016-ல் ஒப்புக்கொண்டார்கள். பல்லாண்டு உழைப்பைத் தாமே மறுத்து எழுதிய அந்த நேர்மையைக் கண்டுபிடிப்புக்குச் சற்றும் குறைந்ததாக நான் கருதவில்லை. 2023-ல் வெளியான பெருங்கணக்கீடு ஒன்று, பெயிண்டு போன்ற பொருள்களில் இல்லாவிட்டாலும், தாறுமாறாய் அடுக்கிய உலோக உருண்டைகளுக்கிடையே ஒளியைச் சிறைப்படுத்துவது கைகூடும் என்கிறது.

இந்த விவகாரத்தில் பெங்களூருக்குப் பழைய பாத்தியதை உண்டு. 1943-ல், லேசர் என்ற சொல்லே பிறவாத காலத்தில், சி. வி. ராமனின் மாணாக்கர் ஜி. என். ராமச்சந்திரன், லைகோபோடியம் என்னும் நுண்ணிய பொடியைத் தூவிய கண்ணாடி வழியே தெரியும் ஒளிவட்டம் ஏன் வழவழப்பாக இல்லாமல் புள்ளி புள்ளியாய் உடைந்திருக்கிறது என்று ஆராய்ந்தார். திருச்சியில் பிறந்த ராமன் 1948-ல் இந்நகரில் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்துக்குப் பின்னாளில் இயக்குநராயிருந்த நரேந்திர குமார், பிரபாகர் பிரதானுடன் சேர்ந்து 1994-ல், ஒளியைப் பெருக்கும் பொருளில் ஒழுங்கின்மையும் கூடினால், திரும்பும் ஒளி உட்புகுந்ததைவிட மிகுதியாகலாம் என்று கணித்தார். சாதாரண லேசரில் ஒளியைத் தடுத்து நிறுத்த இரு கண்ணாடிகள் வேண்டும். இங்கே அலைச்சலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அதே கழகத்தினர் மற்ற நிறுவனங்களுடன் சேர்ந்து, உத்தரப் பிரதேசத்தின் பனிக்காலக் காலைகளில் வேறொரு பரிசோதனை செய்தார்கள். பத்துச் சிவப்பு எல்.இ.டி. விளக்குகளை நொடிக்குச் சுமார் 15 தடவை கூடிக் குறையும்படி ஏற்றிவைத்து, 150 மீட்டர் தள்ளி நின்ற கேமராவின் படங்களிலிருந்து அந்தத் தாளத்துக்கு இசையும் ஒளியை மட்டும் கணினியால் பிரித்தெடுத்தபோது, பனியின் வெளுப்பு விலகி விளக்குகள் தனித்தனியே தென்பட்டன.

அந்த உபாயம் ஓசூர் ரோட்டு லாரிகளை இன்னும் எட்டவில்லை; எட்ட வேண்டும் என்பது என் உளமார்ந்த ஆசை. இன்று காலை வந்த லாரியும், கடைக்கு இருபது கஜ தூரத்துக்குள் நெருங்கிய பிறகே, தன் இரண்டு விளக்குகளையும் இரண்டாகக் காட்டிற்று.