வன்தட்டுப் பிழைகளும் அவற்றைச் செப்பனிடும் முறையும்

ஆண்டுகள் பல கடந்த வீட்டுக் கணிப்பொறி திடீரென மந்தமாக இயங்குவதும், நேற்றுவரை திறந்த கோப்பு இன்று திறவாமற் போவதும், தட்டைப் பரிசோதிக்க வேண்டுமென்ற அறிவிப்பு திரையில் தோன்றுவதும் பலரும் கண்டுள்ள நிகழ்ச்சிகளாகும். அத்தகைய சமயங்களில் செப்பனிடும் நிரலை உடனே இயக்கிவிடுவது வழக்கம். ஆனால் அந்நிரல் எதனைச் செப்பனிடும், எதனைச் செப்பனிடாது என்பதை அறியாமல் இயக்குவோமாயின், நாம் காக்க விரும்பிய புகைப்படங்களும் கணக்குகளும் அதனாலேயே அழிய நேரலாம்.

வன்தட்டின் அமைப்பு

முதலாவது வன்தட்டுச் சாதனத்தை 1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அச்சாதனத்தில் 50 லட்சம் எழுத்துக்களையே பதிக்க முடிந்தது. பிற்காலத்தில் தட்டின் அளவு சுருங்கி, கொள்ளளவு பன்மடங்கு பெருகியபோதிலும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன தட்டின்மீது மெல்லிய காந்தப் படலம் அமைந்துள்ளது. வீட்டுக் கணிப்பொறிகளில் இத்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். செய்தியைப் பதிக்கவும் படிக்கவும் பயன்படும் காந்தமுனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் மெல்லிய காற்றுப் படலத்தின்மீது மிதக்கிறது. முனைக்கும் தட்டிற்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு.

தட்டின் பரப்பு வட்டத் தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் ‘செக்டர்’ எனப்படும் சிறு கூறுகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. பழைய தட்டுகளில் ஒரு கூறு 512 பைட்டுகளைக் கொள்ளும். ஒரே கோப்பு பல கூறுகளில் சிதறிக் கிடக்கக்கூடும். எந்தக் கோப்பு எந்தெந்தக் கூறுகளில் உள்ளது என்று காட்டும் பட்டியலும் அதே தட்டில் பதிக்கப்பட்டிருக்கும். நூல் நிலையத்தில் புத்தகங்கள் வேறு, அவை இருக்குமிடத்தைக் காட்டும் பட்டியல் வேறு என்பதை இங்கு ஒப்பிட்டுக் காணலாம்.

இருவகைப் பிழைகள்

முதல்வகைப் பிழை பட்டியலில் நேர்வது. கோப்பு ஒன்று பதிக்கப்படும்போது மின்சாரம் தடைப்பட்டால் பட்டியல் அரைகுறையாக நின்றுவிடும். இரு கோப்புகள் ஒரே இடத்தைத் தமதெனக் காட்டலாம். அல்லது நிரப்பப்பட்ட இடம் எந்தக் கோப்பிற்கும் உரியதாகாமல் நிற்கலாம். தட்டு நல்ல நிலையில் இருக்கும்போதும் இப்பிழை ஏற்படும்.

இரண்டாம் வகை, காந்தப் பரப்பிலோ முனையிலோ நேரும் பழுது. ஒவ்வொரு கூறுடனும் பிழை திருத்தும் குறியீடு சேர்த்தே பதிக்கப்படுவதால் சிறு குறைகளைத் தட்டு தானே சரி செய்துகொள்கிறது. அதற்கும் அடங்காத கூறுகளுக்குப் பதிலாகச் சேமிப்பில் உள்ள உபரிக் கூறுகளைப் பயன்படுத்துகிறது. இவ்வாறு மாற்றப்பட்ட கூறுகளின் எண்ணிக்கை ‘ஸ்மார்ட்’ எனப்படும் தற்பரிசோதனைக் குறிப்பில் பதிவாகும்.

செப்பனிடும் நிரல் செய்வது யாது?

விண்டோஸ் 98 கணிப்பொறிகளில் ‘ஸ்கேன்டிஸ்க்’ என்ற நிரலும், 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ‘செக்டிஸ்க்’ என்ற நிரலும் இப்பணிக்கென அமைந்தவை. செக்டிஸ்க்கைத் தனியே இயக்கினால் அது தட்டைப் பார்வையிட்டு அறிக்கை மட்டும் தரும். ‘எஃப்’ என்ற எழுத்தைச் சாய்கோட்டுடன் சேர்த்து ஆணையிட்டால் பட்டியலைத் திருத்தும். ‘ஆர்’ என்ற எழுத்தைச் சேர்த்தால் பட்டியலைத் திருத்துவதோடு, பரப்பு முழுவதையும் படித்துப் பழுதான இடங்களை ஒதுக்கி, படிக்க இயன்றதை மீட்க முயலும். பெரிய தட்டில் இதற்குப் பல மணி நேரம் ஆகலாம்.

இங்குக் கருதத்தக்கது யாதெனில், நிரலின் முதல் நோக்கம் பட்டியலை முரண்பாடின்றி அமைப்பதேயன்றி, கோப்பின் உள்ளடக்கத்தைக் காப்பதன்று. இரு கோப்புகள் உரிமை காட்டும் இடத்தில் உள்ள செய்தி எதற்குரியது என்பதை நிரல் அறியாது. உரியவர் இல்லாத துண்டுகளைச் ‘சி.எச்.கே.’ என்ற பின்னொட்டுடன் எண்ணிட்ட கோப்புகளாக வைத்துவிடும். அவற்றின் பழைய பெயர் திரும்பி வராது. முரண்பட்ட பதிவுகளை நீக்கிவிடவும் கூடும். பட்டியல் சீராகிவிட்டதனாலேயே புத்தகங்கள் யாவும் முழுமையாக உள்ளன என்று கொள்ளலாகாது.

கையாள வேண்டிய முறை

ஆகவே, ஈடு செய்யவியலாத கோப்புகளை வேறொரு தட்டில் படியெடுத்துக்கொள்வதே முதற்பணி. தட்டிலிருந்து ‘டக் டக்’ என்ற ஓசையோ உராயும் ஓசையோ எழுமாயின், உடனே மின்சாரத்தை நிறுத்தி, தரவு மீட்பில் பயிற்சியுள்ளவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். தட்டின் உறையை வீட்டில் திறத்தல் கூடாது. உட்புகும் தூசித் துகளே முனையையும் பரப்பையும் கெடுக்கப் போதுமானது.

படியெடுத்தபின் இணைப்புக் கம்பிகள் தளர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். தட்டைக் குறைகூற வைக்கும் பிழைகளில் சில அவற்றால் நேர்பவை. அடுத்து ஸ்மார்ட் குறிப்பைப் படித்து, செக்டிஸ்க்கின் அறிக்கையைப் பெறலாம். பிழை பட்டியலில் மட்டும் இருப்பின் ‘எஃப்’ ஆணையே போதும். பரப்பில் பழுது காணப்பட்டால் மட்டும் ‘ஆர்’ ஆணையை இடலாம். இடையில் மின்தடை நேராவண்ணம் யு.பி.எஸ். துணையுடன் இயக்குவது நன்று.

பரப்புப் பழுதை அற்பமெனக் கருதலாகாது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளைக் கொண்டு கூகிள் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் நடத்தி, 2007 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பரப்புப் பரிசோதனையில் முதற்பிழை தோன்றிய தட்டு அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு, அத்தகைய பிழையில்லாத தட்டுக்கு உள்ளதைவிட 39 மடங்காகும். செயலிழந்த தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை ஸ்மார்ட்டின் முக்கியமான நான்கு குறிகளில் எதனையும் முன்கூட்டிக் காட்டவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. எனவே குறிப்பு தீங்கைக் காட்டினால் நம்பத்தக்கது. தீங்கில்லை என்று காட்டினால் முற்றும் நம்பத்தக்கதன்று.

செப்பனிட்ட தட்டைச் சில நாட்கள் கழித்து மீண்டும் பரிசோதித்து, பழுதான கூறுகளின் எண்ணிக்கை வளர்ந்திருப்பின் அத்தட்டை மாற்றிவிடுதலே தக்கது. தட்டு விலைக்குக் கிடைக்கும். அதில் இருந்தவை கிடைப்பதில்லை. ஆதலின் பிழை தோன்றும்வரை காத்திராமல், தட்டு நலமாக இயங்கும் காலத்திலேயே இரண்டாம் படி ஒன்றை வைத்திருத்தல் ஒவ்வொரு குடும்பமும் மேற்கொள்ளவேண்டிய பழக்கமாகும்.