தீர்ப்பு கிடைத்தது, பணம் கிடைத்ததா?

பெற்ற பிள்ளைக்கு உணவும் உடையும் கல்வியும் அளிப்பது தந்தையின் கடமை என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இல்லை. கணவனும் மனைவியும் பிரிந்து வாழ நேர்ந்தாலும் அக்கடமை அற்றுப்போவதில்லை. தம்பதியர் பிரிந்தபின் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு வேண்டும் என 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1154ஆம் விதி பணிக்கிறது. நாட்டுச் சட்டமும் இதையே கூறுகிறது. ஆனால் கூறியதை அரசு எவ்வளவுக்கு நிறைவேற்றித் தருகிறது? இதனை ஆராய்வோம்.

சட்டம் அளிப்பது

நல்லவற்றை முதலில் சொல்வோம். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, மத வேறுபாடின்றி மனைவியும் பிள்ளைகளும் ஜீவனாம்சம் கோர வழிசெய்தது. திருமணத்திற்குப் புறம்பே பிறந்த குழந்தையையும் அது விலக்கவில்லை. மாதம் 500 ரூபாய் என்றிருந்த உச்ச வரம்பை 2001ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. இடைக்கால உதவி கோரும் மனுவை, அறிவிப்புச் சேர்ந்த 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்கவேண்டும் என்றும் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் இவ்விதிகள் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் உள்ளன. மனுச் செய்த நாள் முதலே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

குறை எங்கே?

தீர்ப்புக்குப் பின்னரே குறை தொடங்குகிறது. தந்தை பணம் செலுத்தாவிடில், தானே முன்வந்து வசூலிக்கும் தனி அலுவலகம் நம் நாட்டில் இல்லை. தாயே மீண்டும் மனுச் செய்யவேண்டும். தொகை செலுத்தற்குரிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யாவிடில், அத்தொகைக்கு இப்பிரிவின்கீழ் வாரண்டு பிறப்பிக்க இயலாது.

தாம்பரம் சானடோரியத்து ஏற்றுமதி மண்டல ஆலைகளில் உழைக்கும் தாய் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் ஊதியத்தை அவள் இழக்க நேரிடும். அவனோ பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூருக்கு வீடு மாறினால் போதும். வாரண்டு நிறைவேறாமல் திரும்பிவிடும்.

ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். சிறை சென்றாலும் கடன் தீராது. ஆனால் சிறையிலிருப்பவன் சம்பாதிப்பதில்லை. குழந்தைக்குப் பாலும் வருவதில்லை. சம்பளத்தைப் பிடிக்கவும் வழியுண்டு. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, ஊதியத்தில் ஒரு பகுதியை நேரே மனைவிக்குச் செலுத்துமாறு முதலாளிக்கு நடுவர் ஆணையிடலாம். மாதச் சம்பளக்காரனுக்கு இது பொருந்தும். ஆட்டோ ஓட்டுபவனிடமும், ஒப்பந்தக் கூலியிடமும் எந்தச் சம்பளப் பட்டியலைத் தேடுவது?

பிற நாடுகளில் வேறு வழி கண்டனர். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இத்தொகையை வசூலித்துத் தரும் பணியை மாநில அரசுகள் ஏற்றன. ஜெர்மனியில் 1980 முதல், தந்தை தராதபோது அரசே குழந்தைக்கு முன்பணம் அளித்து, பின்னர் அவனிடம் வசூலிக்க முயல்கிறது. காத்திருக்கும் சுமை அங்கே குழந்தையின்மீது விழுவதில்லை.

நற்செய்தியில் வரும் கைம்பெண் நடுவரை ஓயாது தொந்தரவு செய்து நீதி பெற்றாள். அவளது விடாமுயற்சியைப் போற்றுகிறோம். ஆயினும் ஒவ்வொரு தாயும் அவ்வாறு அலைந்துதான் பெறவேண்டும் என்பது நல்லாட்சிக்கு அழகன்று.

நாம் செய்யக்கூடியது

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், வருமான வரம்பின்றிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி அளிக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். தீர்ப்பின் நகலையும், பணம் வந்த நாட்களின் குறிப்பையும், கணவர் வேலை செய்யும் இடத்தின் விவரத்தையும் தாய்மார்கள் பத்திரப்படுத்துவார்களாக. நிலுவை சேர்ந்தால் ஓராண்டு கடக்குமுன் மனுச் செய்வார்களாக. வின்சென்ட் தே பவுல் சபையினர் நீதிமன்றத்திற்கு உடன் செல்லலாம். உறவினரோ, மகன் இருக்குமிடத்தை மறைத்துப் பேரக்குழந்தையின் சோற்றைப் பறிக்காதிருப்பார்களாக. மனைவியோடு மனத்தாங்கல் இருக்கலாம். பிள்ளையின் பசிக்கு அது விடையாகாது.